கிணறு வெட்டினோம், தண்ணீரைக் காத்தோமா?

 

ஸஃது இப்னு உபாதா (றழி) அவர்கள் மதீனத்து அன்ஸாரிகளின் தலைவர்களில் ஒருவர். அவர்களுடைய உம்மா வபாத்தானபோது, உம்மாவுக்காகத் தர்மம் செய்ய விரும்பி, எந்தத் தர்மம் மேலானது என்று நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். தண்ணீர் என்று பதில் கிடைத்தது. ஸஃது (றழி) ஒரு கிணற்றை வெட்டித் தம் உம்மாவின் பெயரால் மக்களுக்கு விட்டார்கள். அபூதாவூத், நஸாயீ ஆகிய கிரந்தங்களில் இச்செய்தி பதிவாகியிருக்கிறது.

இந்த ஹதீஸைக் கேட்டிராத வீடு நம் சமூகத்தில் இருக்க முடியாது. பள்ளிவாசல் முற்றங்களிலும் பாடசாலை வாசல்களிலும் பெயர்க்கல் பதித்து நிற்கும் கிணறுகளும் குழாய்க் கிணறுகளும் அதற்குச் சாட்சி. வெளிநாட்டுத் தனவந்தர்களின் உதவியாலும் நூற்றுக்கணக்கான கிணறுகள் நம் ஊர்களில் வெட்டப்பட்டுள்ளன. அல்லாஹ் அனைத்தையும் ஏற்றுக்கொள்வானாக.

ஆனால் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. அப்படி வெட்டிய கிணற்றின் தண்ணீர் இன்று குடிக்கத் தக்கதாக இருக்கிறதா? அதை யார் சோதிக்கிறார்கள்? சோதிக்கவும் காக்கவும் யாருடைய பணம் செலவாக வேண்டும்? இம்மாதம் இதைப் பற்றிச் சற்றுச் சிந்திப்போம்.

நிறம், சுவை, வாடை

சுத்தம் பற்றிய பாடத்தில் நாம் சிறு வயதிலேயே படிப்பது, தண்ணீரின் நிறம், சுவை, வாடை என்ற மூன்று தன்மைகளை. இரண்டு குல்லத்து, அதாவது சுமார் 200 லீற்றர் அளவை எட்டிய தண்ணீரில் நஜீஸ் விழுந்தாலும், இந்த மூன்றில் ஒன்று மாறாத வரையில் அது சுத்தமானதே என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். கிணற்றில் அதைவிடப் பல மடங்கு தண்ணீர் உண்டு. ஆகவே வுழூவுக்கும் குளிப்புக்கும் அந்தத் தண்ணீர் ஆகும். இதில் சந்தேகமில்லை.

ஆனால் வுழூவுக்கு ஆகும் தண்ணீரெல்லாம் குடிப்பதற்கு ஆகும் என்று எந்த இமாமும் சொல்லவில்லை. அவை இரண்டும் வேறு வேறு கேள்விகள். வயிற்றோட்டத்தையும் நெருப்புக் காய்ச்சலையும் கொண்டுவரும் கிருமிகளுக்கு நிறமில்லை. நைத்திரேற்று என்ற இரசாயனத்துக்குச் சுவையுமில்லை, வாடையுமில்லை. கண்ணாடி போலத் தெளிந்த தண்ணீரிலும் அவை இருக்கக் கூடும்.

இமாம் ஷாஃபிஈ (றஹ்) அவர்கள் தமது "அல் உம்மு" என்னும் நூலில், வெயிலில் சூடான தண்ணீரை வைத்தியக் காரணத்துக்காகவே அன்றி வேறெதற்காகவும் தாம் வெறுக்கவில்லை என்ற கருத்தைக் கூறியிருக்கிறார்கள். தண்ணீரின் விஷயத்தில் வைத்தியருடைய பேச்சுக்கும் இடமுண்டு என்பது அன்றே நம் இமாமின் வழியாக இருந்திருக்கிறது. இன்று இரசாயன கூடத்தில் சோதித்துச் சொல்லும் முடிவை நாம் கேட்பதும் அந்த வழியில் நடப்பதுதான்.

வளவு சுருங்கியது, கிணறு நெருங்கியது

"எங்கள் வாப்பா, மூத்தவாப்பா காலத்திலிருந்து இந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம், எங்களுக்கு என்ன வந்துவிட்டது?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பதில் நம் வளவுக்குள்ளேயே இருக்கிறது.

கிழக்குக் கரையோர ஊர்களில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுப்பது வழக்கம். உம்மாவின் வளவில் மூத்த மகளுக்கு ஒரு வீடு, அடுத்தவளுக்கு ஒரு வீடு, பின்பு பேத்திகளுக்கும் அதே வளவுக்குள் ஒரு பங்கு என்று காணி துண்டு துண்டாகிக்கொண்டே வந்தது. காத்தான்குடி, சாய்ந்தமருது, கல்முனை போன்ற சனநெருக்கம் மிகுந்த ஊர்களில் இன்று ஒரு குடும்பத்துக்கு 10 பேர்ச் காணி கிடைத்தாலே பெரிய காரியம்.

மலசலகூடக் குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையில் 50 அடியாவது இருக்க வேண்டும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் சொல்வார்கள். 10 பேர்ச் காணி சதுரமாக இருந்தால் அதன் ஒரு பக்கமே ஏறக்குறைய 52 அடிதான். உங்கள் கிணற்றை ஒரு மூலையிலும் குழியை எதிர் மூலையிலும் வைத்து விடலாம். ஆனால் மதிலுக்கு அப்பால் அடுத்த வீட்டாரின் குழி எங்கே இருக்கிறது? பின்வீட்டாரின் குழி எங்கே? காணியைப் பங்கிட்டு உறுதி எழுதலாம், நிலத்துக்குக் கீழே ஓடும் நீரைப் பங்கிட்டு உறுதி எழுத முடியாது. அது எல்லாருக்கும் ஒன்றுதான்.

நம் கரையோர மண்ணும் மணல். மணலில் மழைநீர் விரைவாக இறங்கும், அதே வேகத்தில் கழிவும் இறங்கும். அந்த மணலுக்குள் நல்ல தண்ணீர், கடலிலிருந்து வரும் உப்புத் தண்ணீரின் மேல் ஒரு மெல்லிய படலமாக மிதந்து நிற்கிறது. மோட்டார் வைத்து அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழேயிருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி சுனாமி வந்து கிணறுகளெல்லாம் உவர்த்துப் போனதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இறைத்து இறைத்துப் பார்த்தார்கள். பல இடங்களில் அடுத்தடுத்து வந்த மாரி மழைதான் அந்தக் கிணறுகளை மீண்டும் நல்ல தண்ணீர்க் கிணறுகளாக்கியது. வானத்திலிருந்து அளவோடு தண்ணீரை இறக்கிப் பூமியில் தங்க வைத்ததாகவும், அதைப் போக்கிவிடவும் தனக்கு ஆற்றலுண்டு என்றும் அல்லாஹ் ஸூறத்துல் முஃமினூனில் எச்சரிக்கிறான். அந்த வசனத்தின் பொருளை அன்று நாம் கண்ணால் கண்டோம்.

பால்மா கரைக்கும் தாய்மாருக்கு

கைக்குழந்தைக்குப் பால்மா கரைத்துக் கொடுக்கும் தாய்மார் இந்தப் பகுதியைக் கவனமாக வாசிக்கவும்.

மலக்குழிகளிலிருந்தும் வயலுக்கும் தோட்டத்துக்கும் இடும் உரத்திலிருந்தும் நைத்திரேற்று நிலத்தடி நீரில் சேர்கிறது. ஒரு லீற்றர் குடிநீரில் அது 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்த எல்லை. நமது நாட்டின் தரக்கட்டளையும் அதுவே. இந்த எல்லையை மிஞ்சிய தண்ணீரில் பால் கரைத்து ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் கொடுத்தால், குழந்தையின் இரத்தம் உடலுக்கு வேண்டிய ஒட்சிசனைச் சுமக்கும் சக்தியை இழக்கலாம். உதடும் விரல் நுனியும் நீலம் பாயும். இதை நீலக் குழந்தை நோய் என்பார்கள். உடனே வைத்தியரிடம் கொண்டு போகாவிட்டால் உயிருக்கே ஆபத்து.

கொதித்தாறிய நீரைக் கொடுத்தால் போதும் என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், அது உண்மை. ஆனால் நைத்திரேற்று கொதியில் போகாது. நீர் ஆவியாகி வற்ற வற்ற மிஞ்சிய நீரில் அதன் செறிவு இன்னும் கூடும். ஆகவே சோதிக்கப்படாத கிணற்று நீரில் பால்மா கரைப்பதைத் தவிர்த்துக்கொள்ளுங்கள். தாய்ப்பால் கொடுக்கும் வீட்டில் இந்தப் பயம் இல்லை. அல்லாஹ் அமைத்த பாதுகாப்பு அது.

கற்பிட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மணல் தரையில் வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் பயிரிட்டு, அதே மணலிலுள்ள கிணறுகளிலிருந்து இறைத்து ஊற்றுகிறார்கள். இட்ட உரத்தில் பயிர் எடுத்தது போக மிச்சம் தண்ணீரோடு மீண்டும் அதே கிணறுகளுக்குள் இறங்குகிறது. அங்கே பல கிணறுகளில் நைத்திரேற்று எல்லை மீறியிருப்பதை ஆய்வாளர்கள் பல வருடங்களாகச் சொல்லி வருகிறார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நமது சகோதரர்கள் ஆயிரக்கணக்கில் போய் ஒதுங்கியதும் அந்தக் கற்பிட்டி, புத்தளம் பகுதிகளில்தான். வீடு, வாசல், காணி, பூமி எல்லாம் இழந்து வந்தவர்களுக்கு நல்ல தண்ணீராவது கிடைக்க வேண்டாமா?

பஸறாவின் தாய்மார்

இப்போது பணத்தின் விஷயத்துக்கு வருவோம். குடிநீருக்குப் பொதுப் பணத்தைச் செலவிடுவது இக்காலத்து அரசாங்கங்கள் கண்டுபிடித்த காரியமன்று.

உமர் (றழி) அவர்களின் ஆட்சியில் பஸறா புதிதாக எழுந்த ஊர். அங்கே நிலம் உவர். அவ்வூரின் தூதுக் குழுவில் வந்த அஹ்னப் இப்னு கைஸ் அவர்கள் கலீபாவின் முன்னிலையில் ஊரின் குறையை எடுத்துரைத்தார்கள். நல்ல தண்ணீருக்காக நலிந்தவர்கள் இரண்டு பர்ஸக், அதாவது 10 கிலோமீற்றருக்கும் மேல் நடக்க வேண்டியிருக்கிறது. பெண்களும் அப்படியே போகிறார்கள். எதிரிக்கும் காட்டு மிருகத்துக்கும் பயந்து, ஆட்டுக்குட்டியைக் கட்டுவது போலப் பிள்ளையைக் கட்டி வைத்துவிட்டுப் போகிறார்கள் என்று சொன்னார்கள். வரலாற்றாசிரியர் பலாதுரீ இதைப் பதிவு செய்திருக்கிறார். உமர் (றழி) அவர்கள் பொறுமையாக இருங்கள் என்று உபதேசம் சொல்லி அனுப்பிவிடவில்லை. பஸறாவின் ஆளுநர் அபூமூஸா அல் அஷ்அரீ (றழி) அவர்களுக்குக் கடிதம் எழுதி, ஊருக்கு ஒரு வாய்க்கால் வெட்டும்படி உத்தரவிட்டார்கள்.

பிள்ளையைக் கட்டி வைத்துவிட்டுத் தண்ணீருக்குப் போன ஒரு தாயின் கஷ்டம் கலீபாவின் சபையில் ஒரு நிர்வாகப் பிரச்சினையாக எழுந்தது. அதற்குத் தீர்வு ஆட்சியின் பொறுப்பிலிருந்து வந்தது. இதுதான் நாம் படிக்க வேண்டிய பாடம்.

வெட்டுவதோடு பொறுப்பு முடிவதுமில்லை. ஹாறூன் அல் றஷீதின் மனைவி ஸுபைதா பெருஞ்செலவு செய்து மக்காவுக்குத் தண்ணீர் கொண்டுவந்ததை எல்லோரும் அறிவோம். ஆனால் காலம் போகப் போக அது பழுதானபோது செலவு செய்து அதைத் திருத்தியவர்களை யாரும் நினைப்பதில்லை. அவர்களில் ஒருவர் 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த உதுமானிய இளவரசி மிஹ்ரிமா. முதலில் வெட்டியவரும் பெண், பின்பு காத்தவரும் பெண். ஒருவரின் பெயர் நிலைத்தது, மற்றவரின் பெயர் மறைந்தது. இன்றும் நம் நிலை இதுதான். புதுக் கிணற்றுக்குப் பணம் தர ஆளுண்டு, பழைய கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்க ஆளில்லை. ஏனென்றால் சோதனைக்குப் பெயர்க்கல் கிடையாது.

பணம் எங்கே போகிறது?

அரசாங்கம் தண்ணீருக்குச் செலவழிக்கவில்லை என்று சொல்ல முடியாது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை வெளிநாட்டுக் கடனும் உதவியும் பெற்றுப் பல ஊர்களுக்குக் குழாய் நீர் கொண்டுவந்திருக்கிறது. மட்டக்களப்புக்கும் சூழவுள்ள ஊர்களுக்கும் உன்னிச்சைக் குளத்து நீர் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு வந்தது. இது பெரிய நிஃமத்து.

ஆனால் வீட்டுக்கு வந்த தண்ணீர் வெளியே எங்கே போகிறது? வாளியால் அள்ளிய காலத்தைவிடக் குழாய் வந்த பின் நாம் அதிகமாகத் தண்ணீர் செலவழிக்கிறோம். அவ்வளவும் கழிவாகி அதே மணலுக்குள்தான் இறங்குகிறது. இந்நாட்டில் கழிவு நீரைக் குழாய் வழியே கொண்டுபோய்ச் சுத்திகரிக்கும் வசதி நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்குத்தான் உண்டு. ஆக, குழாய் இணைப்பு எடுக்க வசதியுள்ள வீட்டின் கழிவு, இணைப்புக்குப் பணம் கட்ட முடியாத அடுத்த வீட்டு விதவையின் கிணற்றுக்குள் போகிறது. தீங்கு செய்யவும் கூடாது, தீங்குக்குத் தீங்கு செய்யவும் கூடாது என்ற நபிமொழியின் கருத்தை இங்கே நினைவுகூர வேண்டியிருக்கிறது.

உரத்தைப் பாருங்கள். 1962இல் தொடங்கி, இடையில் சில காலம் தவிர, உர மானியத்துக்கு அரசாங்கம் பெருந்தொகை செலவிட்டு வந்திருக்கிறது. விவசாயிக்கு அது உதவிதான். ஆனால் அந்த உரம் கலந்த நீரைக் குடிப்பவர்களின் கிணற்றைச் சோதிக்க அதில் ஒரு சிறு பங்காவது ஒதுக்கப்படுகிறதா?

காப்பதற்குச் செலவழிக்காவிட்டால் இழந்த பின் பன்மடங்கு செலவழிக்க நேரும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைநீரையே மக்கள் நம்பியிருந்தார்கள். அங்கே நிலத்தடி நீர் அளவிலும் தரத்திலும் குறைந்துபோன பின், 2024இல் தாளையடியில் கடல் நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீர் தரக்கூடியது அது. கடலிலிருந்து உப்பைப் பிரிக்க மின்சாரம் வேண்டும், இயந்திரம் வேண்டும், இராப்பகலாக ஆட்கள் வேண்டும். மழையாக இலவசமாக இறங்கியதைக் காப்பாற்றத் தவறினால், பின்பு கடன் வாங்கித்தான் தண்ணீர் குடிக்க வேண்டிவரும்.

யார் கொடுக்க வேண்டும்?

எல்லாச் சுமையையும் பொதுப் பணத்தில் ஏற்றுவதும் நீதியன்று. கெடுத்தவர் முதலில் கொடுக்க வேண்டும். சுன்னாகத்தில் மின் நிலையமொன்றின் எண்ணெய்க் கழிவால் கிணறுகள் கெட்ட வழக்கில், பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்நிறுவனத்துக்குக் கட்டளையிட்டது. நிலத்தடி நீரைக் கெடுத்தவரே அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்பது இந்நாட்டின் சட்டமாகவும் ஆகிவிட்டது.

ஆனால் 10 பேர்ச் காணிக்குள் குழியும் கிணறும் வைத்திருக்கும் ஏழையிடம் போய், நீதான் கெடுத்தாய், நீயே பணம் கொடு என்று சொல்ல முடியுமா? ஒரு தனி வீட்டால் தீர்க்க முடியாத பிரச்சினை இது. இங்கேதான் வரிப்பணம் வந்தாக வேண்டும்.

ஸகாத் நிதியிலிருந்து பொதுக் கிணறு வெட்டலாமா என்று சிலர் கேட்கிறார்கள். ஸகாத்துக்கு உரியவர்கள் எட்டுக் கூட்டத்தினர் என்று அல்குர்ஆன் வரையறுத்துவிட்டது. பெரும்பான்மையான இமாம்களின் தீர்ப்புப்படி பொதுக் கட்டுமானங்களுக்கு ஸகாத் செல்லாது. ஏழையின் பங்கில் கை வைக்காமல் ஸதகாவும் வக்பும் இதற்கு உதவட்டும். கிணறு வெட்டித் தரும் தனவந்தர்களிடம் பள்ளிவாசல் நிர்வாகிகள், வெட்டும் செலவோடு வருடா வருடம் தண்ணீரைச் சோதிக்கும் செலவையும் கேட்டு வாங்க வேண்டும். அதுவும் ஸதகா ஜாரியாதான். ஓடிக்கொண்டிருக்கும் தர்மம் சுத்தமாக ஓட வேண்டுமல்லவா?

கேட்க வேண்டியவை

பிரதேச சபை, நகர சபை, மாநகர சபை எதுவாயினும் அடுத்த வருடத்துக்கான வரவு செலவுத் திட்டத்தை டிசம்பருக்குள் முடித்துக்கொள்ளும். அதற்கு முன் நம் ஊரார் சபையிடம் கேட்க வேண்டியவை நான்கு.

ஒன்று: பள்ளிவாசல், பாடசாலை, மத்ரஸா, வைத்தியசாலை ஆகியவற்றின் கிணறுகளையாவது மாரிக்கு முன்னும் பின்னும் சோதிக்கப் பணம் ஒதுக்க வேண்டும். முடிவை எல்லோரும் பார்க்கும்படி ஒட்டிவைக்க வேண்டும்.

இரண்டு: மலக்கழிவு அகற்றும் பவுசரும், அக்கழிவைச் சுத்திகரிக்க முறையான இடமும் வேண்டும். ஒரு குழியில் எடுத்ததை ஆற்றோரத்திலும் தரிசு நிலத்திலும் ஊற்றுவது, நோயை ஒரு வீட்டிலிருந்து எடுத்து ஊருக்குக் கொடுப்பதாகும்.

மூன்று: கசியாத மலக்கழிவுத் தொட்டி கட்ட வசதியில்லாத குடும்பங்களுக்கு உதவித் தொகை வேண்டும்.

நான்கு: மழைநீர் தேங்கி நிலத்தில் இறங்கும் குளங்களிலும் தாழ் நிலங்களிலும் குப்பை நிரப்புவதை நிறுத்த வேண்டும்.

இதை ஆண்கள் கேட்கட்டும் என்று இருந்துவிடாதீர்கள். 2018ஆம் ஆண்டுத் தேர்தல் முதல் உள்ளூராட்சி சபைகளில் நான்கில் ஒரு பங்கு பெண்களுக்கென்று சட்டம் ஒதுக்கியிருக்கிறது. 2025 மே மாதத் தேர்தலிலும் பெண்கள் தெரிவாகியிருக்கிறார்கள். உங்கள் ஊரின் பெண் உறுப்பினர் யார் என்று அறிந்து, நாலைந்து பேராகச் சேர்ந்து போய்ப் பேசுங்கள். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, உங்கள் ஊர்க் கிணறுகள் கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டன, முடிவு என்ன என்று எழுத்தில் கேட்கவும் உங்களுக்கு உரிமையுண்டு.

வீட்டில் செய்ய வேண்டியதையும் மறந்துவிடக் கூடாது. கிணற்றுக் கட்டு உயரமாகவும், சுற்றிலும் சீமெந்துத் தளம் வெடிப்பில்லாமலும் இருக்கட்டும். கிணற்றடியில் உடுப்புத் தோய்த்த தண்ணீர் மீண்டும் கிணற்றுக்குள் வடியக் கூடாது. பழைய எஞ்சின் ஒயில், பெயின்ற், பூச்சி மருந்துப் போத்தல் எதையும் நிலத்தில் ஊற்றவோ புதைக்கவோ வேண்டாம். புதிதாகக் குழி வெட்டும்போது உங்கள் கிணற்றிலிருந்து மட்டுமல்ல, அடுத்த வீட்டுக் கிணற்றிலிருந்தும் அடி அளந்து பாருங்கள். சந்தேகமிருந்தால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய்ப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தண்ணீர் சோதனை பற்றிக் கேளுங்கள்.

மக்கள் தண்ணீர் எடுக்கும் இடத்தை அசுத்தப்படுத்துவது சாபத்தைக் கொண்டுவரும் செயல்களில் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். அன்று அந்த அசுத்தம் கண்ணுக்குத் தெரிந்தது, இன்று அது நிலத்துக்குக் கீழே தெரியாமல் நடக்கிறது. தெரியாமல் நடப்பதைத் தெரியப்படுத்தும் சோதனைக்கும் தடுக்கும் வேலைக்கும் பணம் கேட்பது பிச்சையல்ல, நம் வரிப்பணத்தில் நம் பிள்ளைகளுக்குரிய பங்கைக் கேட்பதாகும்.

நமது தண்ணீர் பூமிக்குள் வற்றிப் போனால் ஓடும் நீரைக் கொண்டுவருபவர் யார் என்ற கேள்வியோடு ஸூறத்துல் முல்க் முடிகிறது. ஒவ்வோர் இரவும் நம் வீடுகளில் ஓதப்படும் ஸூறா அது. இன்றிரவு ஓதி முடிக்கும்போது அந்தக் கடைசி ஆயத்தில் சற்று நின்று, நம் வளவுக் கிணற்றையும் நினைத்துக்கொள்வோம். அல்லாஹ் நமக்கும் நம் சந்ததிக்கும் சுத்தமான தண்ணீரை நிலைக்கச் செய்வானாக. ஆமீன்.